அம்மப்பாவின்ர கொப்பியில "மாடு" எண்டு ஏன் எழுதியிருக்கு?

கிருலப்பனைப் பேத்தி:

எல்லாருக்கும் வணக்கம். நான் இஞ்ச வாசிச்சுப்போட்டுப் போற ஆள்தான், எழுதினது குறைவு. இப்ப ஒரு உதவி வேணும்.

எங்கட அம்மப்பா போய் இண்டைக்குப் பதின்மூண்டு நாள். 87 வயது. படுக்கையில கிடந்து ஒருத்தரையும் கரைச்சல் படுத்தேல்ல. காலம பிளேன்டீ குடிச்சு, பேப்பரை நாலா மடிச்சு வைச்சிட்டு, கதிரையிலயே போயிட்டார். கனத்தை மயானத்தில எரிச்சம். முப்பத்தொண்டாம் நாள் கிரியைக்கு இன்னும் பதினெட்டு நாள் கிடக்கு. நினைவு மலர் அடிக்கிறதெண்டு முடிவு. "நீதானே எந்த நேரமும் போனில எழுதிக்கொண்டு இருக்கிறாய்" எண்டு வாழ்க்கைக் குறிப்பை என்ர தலையில கட்டி விட்டிட்டினம்.

எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுறன். 1938இல வடமராட்சியில பிறந்தவர். யாழ்தேவியில கொழும்புக்கு வந்து, 1962இல அரசாங்கத்தின்ர பாற்சபையில சேர்ந்தவர். முதல் நாலு வருசம் மலைநாட்டுப் பக்கம் பால் சேர்க்கிற இடத்தில. பிறகு ஓய்வு பெறும்வரை நாரஹேன்பிட்டித் தொழிற்சாலை. வேலை என்ன எண்டு கேட்டா "டெஸ்டர்" எண்டுவார், அவ்வளவுதான். கூட வேலை செய்த சிங்கள ஆக்கள் அவரைக் "கிரி மஹத்தயா" எண்டு கூப்பிடுவினம். பள்ளிக்கூடத்தில கிரி எண்டால் மலை எண்டு படிப்பிச்சதால, எங்கட அம்மப்பாவை ஏன் மலை ஐயா எண்டு கூப்பிடுகினம் எண்டு நான் கனகாலம் யோசிச்சனான். சிங்களத்தில கிரி எண்டால் பால் எண்டு பிறகுதான் தெரியும். தொழிற்சாலைப் பக்கத்து றோட்டே கிரிமண்டல மாவத்தை, பாற்சபை வீதி.

வீட்டில அவர்ர கூத்துகள் தனி. பால் காய்ச்சினா அவர் வந்து பாக்காமல் ஒருத்தரும் தேத்தண்ணி போடேலாது. பாலை மணக்கிறேல்ல, மூடியைத்தான். சட்டியின்ர மூடியைச் சடாரெண்டு தூக்கி, உள்பக்கத்தை மூக்குக்குக் கிட்டப் பிடிச்சு, ஒரு கணம். "சரி" அல்லது "வேண்டாம்". வேற கதை இல்ல. ஆனா அவர் தான் பால் தேத்தண்ணி குடிச்சதை நான் கண்டதே இல்ல. அம்மம்மா இருக்கும்வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா, "ஊருக்கெல்லாம் பால் பாக்கிற மனுசனுக்கு வெறுந்தேத்தண்ணிதான் விதிச்சிருக்கு" எண்டு.

இனி விசயத்துக்கு வாறன். அலுமாரி லாச்சியில பழைய துவாய் ஒண்டுக்குள்ள சுத்தி ஒரு கண்ணாடிச் சாமானும், கடும்பச்சை மட்டை போட்ட ஒரு கொப்பியும் இருந்தது. கண்ணாடிச் சாமான் லாக்டோமீட்டர், பாலில தண்ணி கலந்திருக்கோ எண்டு விட்டுப் பாக்கிறது எண்டு மாமா சொன்னார். கொப்பி முழுக்க இலக்கம். 1963, 64, 65. ஒரு நாளைக்குப் பத்து இருபது வரி. ஒரு வரியை அப்பிடியே தாறன்:

17 — 28 — 80 — 3.8 — 8.4

சில வரி சிவப்பில வெட்டிக் கிடக்கு. அங்கினைக்கங்க சில வரிக்குப் பக்கத்தில பென்சிலால "மாடு" எண்டு ஒரு சொல். மாடு எண்டு மட்டும். வேற ஒரு தமிழ்ச் சொல்லும் இல்ல.

பால் டிப்போ கொப்பியில எல்லாம் மாடுதானே? பேந்தேன் இதைத் தனியா எழுதினவர்? அந்த வேலை தெரிஞ்ச ஆக்கள் ஆராவது இருந்தாச் சொல்லுங்கோ.


கொம்பனித்தெரு நானா:

இன்னாலில்லாஹி. நல்ல மௌத்து மகள், அப்பிடிக் கெடைக்க குடுத்து வெச்சிருக்கணும்.

எங்கட மூத்தாப்பாவும் பால் சம்பந்தப்பட்ட ஆள்தான், ஆனா அடுத்த பக்கம்! கொம்பனித்தெருவுல தேத்தண்ணிக் கடை வெச்சிருந்தாரு. பால்ல தண்ணி கலக்கிறவன் யாரு, தண்ணியில பால் கலக்கிறவன் யாருன்னு அவருக்குத்தான் தெரியும். டெஸ்டர்மார்னா அவருக்குப் பயம்.

எனக்குத் தோணுறது இதுதான். தண்ணி கலந்து கொண்டு வந்தவனப் பார்த்து கோவத்துல "மாடு" ன்னு எழுதி வெச்சிருப்பாரு. எங்கட மூத்தாப்பா கடன் கொப்பியிலயும் சில பேருக்குப் பக்கத்துல மிருகம் எல்லாம் இருக்கும்.


பழைய லாப்காரன்:

நானா சொன்னதுக்குச் சிரிச்சிட்டன். ஆனா அது இல்லையெண்டு நினைக்கிறன்.

நான் பாற்சபையில வேலை செய்யேல்ல. பிறகு வந்த தனியார் பால் கொம்பனி ஒண்டில இருபத்தாறு வருசம் லாப். வேலை ஒண்டுதான். தங்கச்சி தந்த வரியைப் பாத்த உடன கை பரபரத்தது.

17 எண்டது பால் கொண்டு வந்த ஆளின்ர நம்பர். 28 லாக்டோமீட்டர் காட்டினது. 80 பாலின்ர சூடு, பாரன்ஹைட்டில. 3.8 கொழுப்பு வீதம். கடைசி 8.4, கொழுப்பைத் தவிர்த்த திண்மம். நாங்கள் எஸ்.என்.எஃப். எண்டுவம்.

இதைச் சரி பாக்கலாம். பழைய லாக்டோமீட்டர் 60 பாகைக்கு அளவெடுத்தது. அதுக்கு மேல ஒவ்வொரு பாகைக்கும் 0.1 கூட்ட வேணும். 80 எண்டால் 2 கூடும், 28 வந்து 30 ஆகும். இனி ரிச்மண்ட் சூத்திரம்: 30ஐ நாலால பிரிச்சா 7.5. கொழுப்பின்ர அஞ்சில ஒண்டு 0.76. அதோட 0.14. கூட்டிப் பாருங்கோ, 8.40. கல்குலேட்டர் இல்லாத காலத்தில, லொறி வந்து நிக்கேக்க, ஆக்கள் வரிசையில கத்தேக்க, மனக்கணக்கில போட்டிருக்கிறார். பிழை இல்ல. பெரியவருக்கு ஒரு கும்பிடு.

மூடிக் கதைக்கும் பதில் இருக்கு. பால் கானை மூடிக் கொண்டு வரேக்க பாலின்ர மணம் எல்லாம் மூடிக்குக் கீழதான் தங்கி நிக்கும். திறந்து ரெண்டு நிமிசம் விட்டாப் போயிடும். அதால மூடியைத்தான் முதல்ல மணக்கிறது. புளிப்பு, புகை, மாடு திண்ட வேப்பிலை, எல்லாம் அதில பிடிபடும். இது மேடைச் சோதினை, லாபுக்குப் போக முந்தியே. சந்தேகம் எண்டால் பாலும் அற்ககோலும் சரிக்குச் சரி விட்டுக் குலுக்கிப் பாக்கிறது, திரைஞ்சால் திருப்பு.

கொழுப்புப் பாக்கிறதுதான் நரகம். கெர்பர் முறை. குழாயில முதல் 10 மில்லிலீற்றர் கந்தக அமிலம், அதுக்கு மேல மெதுவாப் பால், பிறகு 1 மில்லிலீற்றர் அமைல் அற்ககோல். தக்கையை இறுக்கிக் குலுக்கினாக் குழாய் கைபொறுக்காமல் சுடும், துவாயில சுத்தித்தான் பிடிக்கிறது. (அந்தத் துவாய்தானோ லாச்சியில இருந்தது?) அமைல் அற்ககோல் காத்துப் பட்டா இருமல் வரும். காலம ஆறு மணிக்குத் தொடங்கி நாள் முழுக்க இதுக்குள்ள நிண்டவனுக்குப் பால் தேத்தண்ணியைக் கண்டா என்ன செய்யும் எண்டு எனக்குத் தெரியும். நானும் பிளேன்டீதான்.

"மாடு" பற்றி ஒரு ஊகம் இருக்கு. சொல்ல முந்தி ஒண்டு பாக்க வேணும். "மாடு" எண்டு எழுதின ஒவ்வொரு வரிக்கும் மேல போய், அதே நம்பர் ஆளின்ர முந்தின வரி என்ன எண்டு பாத்துச் சொல்லுங்கோ.


ஸ்காபரோ:

லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாத ஆளா இருந்திருக்கலாம். எங்கட ஆக்கள் கன பேருக்கு அது இருக்கு. எல்லாத்துக்கும் ஒரு காவியம் தேவையில்ல.

"மாடு" எண்டது லேசான விசயம். எருமைப் பாலும் வரும், மாட்டுப் பாலும் வரும். பிரிச்சுக் காட்டக் குறிச்சிருக்கிறார். முடிஞ்சுது.


பழைய லாப்காரன்:

ஸ்காபரோ அண்ணை, எருமைப்பாலில கொழுப்பு ஏழு வீதத்துக்குக் கிட்ட நிக்கும். இலக்கத்தைப் பாத்தாலே தெரிஞ்சிடும், எழுதத் தேவையில்ல. அதோட எல்லாம் மாடு எண்டால் எல்லா வரிக்கும் எழுதியிருக்க வேணுமே. லாக்டோஸ் கதையில நான் வாதாடேல்ல. அது மனுசன்ர வயித்துப் பிரச்சினை.


கிருலப்பனைப் பேத்தி:

இரவு மூண்டு மணிவரைக்கும் இருந்து பாத்தன். அம்மா வந்து லைட்டை நிப்பாட்டு எண்டு பேசினா. பிறகு தானும் வந்து பக்கத்தில இருந்திட்டா.

"மாடு" மொத்தம் பதினொரு இடத்தில. பதினொண்டுக்கும் மேல, ஒரு நாளோ ரெண்டு நாளோ முந்தி, அதே நம்பருக்குச் சிவப்பில வெட்டின வரி ஒண்டு இருக்கு. உதாரணத்துக்கு 17ஆம் நம்பர்:

17 — 22 — 82 — 3.0 — 6.8 (சிவப்பு வெட்டு)

அடுத்த நாள்:

17 — 28 — 80 — 3.8 — 8.4 — மாடு

நான் முதல்ல தந்த வரி இதுதான். பக்கத்தில "மாடு" இருந்ததை அப்ப எழுத மறந்திட்டன், குறை நினைக்காதேங்கோ.


பழைய லாப்காரன்:

நினைச்சன்.

முதல் வரியைப் பாருங்கோ. 22, சூட்டுக்குத் திருத்தினா 24.2. திண்மம் 6.8. நல்ல பால் 8.4 எண்டால், இது கிட்டத்தட்ட அஞ்சில ஒரு பங்கு தண்ணி. கொழுப்பும் அதே அளவுக்கு இறங்கியிருக்கு, 3.8 வந்து 3.0. ஆடை எடுத்திருந்தாக் கொழுப்பு மட்டும்தான் இறங்கும், லாக்டோமீட்டர் ஏறும். ரெண்டும் சேர்ந்து இறங்கினா அது தண்ணிதான். வெட்டினது சரி.

ஆனா தண்ணி விட்டது ஆர்? கானைக் கொண்டு வந்தவன் ஒருத்தன், மாடு வைச்சிருக்கிறவன் இன்னொருத்தன். மாட்டுக்காரன் "நான் விடேல்ல ஐயா, என்ர மாட்டுப் பாலே அப்பிடித்தான்" எண்டு சொன்னா என்ன செய்யிறது? அதுக்கு ஒரு சோதினை இருக்கு. பாடப்புத்தகத்திலயே இருக்கு. மாட்டிட்ட மேன்முறையீடு எண்டு சொல்லுவினம். டெஸ்டர் தானே நேர பட்டிக்குப் போகவேணும். தன்ர கண்ணுக்கு முன்னால முழுக்கக் கறக்க வேணும். அந்தப் பாலைத் தானே எடுத்துச் சோதிக்க வேணும். கானில வந்ததையும் மடியில இருந்து வந்ததையும் வைச்சுப் பாத்தா உண்மை தெரிஞ்சிடும்.

"மாடு" எண்டால் அந்தப் பால் கானில இருந்து எடுக்கேல்ல, மாட்டிட்ட இருந்து எடுத்தது எண்டு அர்த்தம். உங்கட அம்மப்பா விடியப்புறம் நாலு நாலரைக்கு எழும்பி, மலைநாட்டுக் குளிருக்குள்ள நடந்து, பட்டியடியில போய் நிண்டிருக்கிறார். பதினொரு தரம். நான் இருபத்தாறு வருசத்தில அதை ரெண்டு தரம்தான் செய்தனான், அதுவும் மேலிடத்தில இருந்து சொன்னதால.


கொம்பனித்தெரு நானா:

என்ட கருத்த வாபஸ் வாங்குறன். மனுசரப் பிழையா நெனச்சிட்டன்.


லிந்துலை:

நான் இந்த இழைய மூனு நாளா வாசிக்கிறேன். எழுதலாமா வேணாமான்னு இருந்துச்சு.

நாங்க தோட்டத்து ஆளுங்க. இப்ப கொட்டாஞ்சேனையில இருக்கோம். எங்க அம்மாயி லயத்துக்குப் பின்னாடி ஒரு மாடு வச்சிருந்துச்சு. கொழுந்தெடுக்க பிரட்டுக்குப் போறதுக்கு முந்தி கறந்து, கேன்ல ஊத்தி, தூக்கிட்டுப் போற ஆளுகிட்ட குடுத்து விடும். ஒரு நாளு கேனு திரும்பி வந்துச்சு. தண்ணின்னு சொல்லிட்டாங்க. அம்மாயி சத்தியம் பண்ணுச்சு. தூக்கிட்டுப் போனவரு வழியில பீலித் தண்ணிய ஊத்துனது ரெண்டு வருசம் கழிச்சுத்தான் தெரியும். அதுக்குள்ள லயத்துல எல்லாரும் அம்மாயிய "தண்ணிக்காரி"ன்னு கூப்பிட ஆரம்பிச்சிட்டாங்க. மாட்ட வித்திருச்சு. சாகுற வரைக்கும் அந்தப் பேச்சு வந்தா எந்திரிச்சு உள்ள போயிரும்.

யாரும் மாட்டுக்கிட்ட வந்து பாக்கல. வந்து பாக்கலாம்னு ஒரு வழி இருந்துச்சுன்னே எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்.

அக்கா, கோவிச்சுக்காதீங்க. சிவப்புல வெட்டுன வரி மொத்தம் எத்தன இருக்கு? எண்ணிச் சொல்ல முடியுமா?


கிருலப்பனைப் பேத்தி:

எண்ணினன். அறுபத்திமூண்டு.

"மாடு" பதினொண்டு.

மிச்ச அம்பத்திரண்டுக்கு ஒண்டும் இல்ல. வெட்டு மட்டும்தான். உங்கட அம்மாயி கொப்பியில இருக்கிறாவோ எண்டு தேடேலாது, நம்பர் மட்டும்தான் கிடக்கு. ஆனா இரவு முழுக்க மனசு சரியில்ல.


பழைய லாப்காரன்:

ஒரு சேகரிப்பு நிலையத்தில ரெண்டு பேர்தான் இருப்பினம். பட்டி எல்லாம் மலைக்கு மேல. எல்லாத்துக்கும் போகேலாது பிள்ளையள். அதோட அம்பத்திரண்டில முக்கால்வாசி உண்மையிலயே தண்ணிதான் விட்டிருப்பினம். நான் சொல்லுறதில ஒரு பக்கச் சார்பு இருக்கு, ஒத்துக்கொள்ளுறன்.


லிந்துலை:

சரிதாங்க ஐயா. நான் அவரக் குத்தம் சொல்லல. பதினொரு தடவ போயிருக்காரேன்னுதான் எனக்கு அழுகையே வந்துச்சு. ஆனா மலர்ல எழுதுனீங்கன்னா ரெண்டு எண்ணிக்கையையும் எழுதுங்க அக்கா.


கிருலப்பனைப் பேத்தி:

இன்னொரு விசயம் சொல்ல மறந்திட்டன். பதினொண்டில ஒரு வரி வித்தியாசம்.

9 — 25 — 80 — 3.2 — 7.5 — மாடு. தீன் இல்லை

முதல் போஸ்டில வேற தமிழ்ச் சொல் இல்லை எண்டு சொன்னது பிழை. இது கொப்பி மடிப்புக்குள்ள போய் மறைஞ்சு கிடந்தது. இந்த வரியை அவர் வெட்டேல்ல.


பழைய லாப்காரன்:

அந்தப் பால் மடியிலயே அப்பிடித்தான் வந்திருக்கு. மாட்டுக்குச் சாப்பாடு காணாட்டித் திண்மம் இறங்கும். மாட்டுக்காரன் சொன்னது உண்மை. தண்ணி இல்ல, பசி.

நான் இண்டைக்கு இதுக்கு மேல எழுதேல்ல.


தமிழ் வாத்தி:

முதல்ல உங்கட குடும்பத்துக்கு என்ர அனுதாபம். மலர் பற்றி ஒரு சொல் சொல்ல வந்தனான். முப்பது வருசமா மற்ற ஆக்களின்ர கல்வெட்டு, அதுதான் இந்த நினைவு மலர், திருத்திக் குடுக்கிறவன் நான். பிள்ளையார் காப்பு, தேவார திருவாசகம், திதி வெண்பா, வாழ்க்கை வரலாறு, பிள்ளைகள் புலம்பல், மருமக்கள் புலம்பல், நன்றி நவிலல். எல்லா மலரும் ஒரே மலர். பேரை மாத்தினா அடுத்த வீட்டுக்கும் பொருந்தும். எல்லாரும் "பரோபகாரி", எல்லாரும் "இன்முகத்தோடு விருந்தோம்பியவர்". எனக்குத் தெரிஞ்ச சிடுமூஞ்சிகள் கன பேரை இன்முகம் ஆக்கின பாவம் என்ர பேனையில இருக்கு.

நீங்கள் அந்தக் கொப்பியின்ர ஒரு பக்கத்தைப் படம் பிடிச்சுப் போடுங்கோ. விளக்கம் கீழ அஞ்சு வரி காணும்.


கிருலப்பனைப் பேத்தி:

நன்றி சேர். அதிலதான் இப்ப வீட்டில சண்டை.

பெரிய மாமா கனடாவில. மலர்ச் செலவு அவர்தான். அவர் "பாற்சபை உயர் அதிகாரி" எண்டு போடச் சொல்லுறார். "டெஸ்டர் எண்டு போட்டா சனம் என்ன நினைக்கும்" எண்டு கேக்கிறார். கொப்பிப் படம் கூடாதாம், "கணக்குக் கொப்பியை ஆரும் மலரில போடுவினமோ?" இரவு வட்ஸ்அப்பில ஒரு மணித்தியாலம் கதைச்சம். அம்மா இடையில ஒண்டும் சொல்லேல்ல.


ஸ்காபரோ:

நானும் கனடாதான், ஆனா உங்கட மாமா நான் இல்ல, அதை முதல்ல சொல்லிடுறன், சந்தேகப்படாதேங்கோ.

ஆனா அவருக்காக ஒரு சொல். இஞ்ச வந்து முதல் பத்து வருசம் நாங்கள் கோப்பை கழுவினம், பார்சல் அடுக்கினம். அப்பா "அதிகாரி" எண்டு சொல்லுறது எங்களுக்கு ஒரு பிடி. அதை விடச் சொன்னா நோகும். மெதுவாச் சொல்லுங்கோ.


கொம்பனித்தெரு நானா:

ஸ்காபரோ சொன்னதுலயே இதுதான் நல்ல பேச்சு.

மகள், எண்பத்திமூணு கலவரத்துல உங்கட ஆக்கள் எங்க இருந்தாங்க? கிருலப்பனைன்னா ஹைலெவல் றோட் பக்கம். அந்தக் கிழமை அந்தப் பக்கம் மோசம்.


கிருலப்பனைப் பேத்தி:

வீடு போனது நானா. வாடகை வீடு, ஆனா உள்ள இருந்ததெல்லாம் எங்கட. அம்மாவுக்கு அப்ப பதினாலு வயது. இதை எனக்குச் சொன்னது அம்மாதான், அம்மப்பா ஒரு நாளும் வாய் திறக்கேல்ல.

முதல் ரெண்டு இரவு கூட வேலை செய்த ஒரு சிங்கள ஆளின்ர வீட்டுப் பின்னறையில. பிறகு பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாம். அங்க சின்னப் பிள்ளையளுக்குப் பால்மா வந்ததாம், பெட்டி பெட்டியா. கரைக்க நிண்ட பெடியள் கொதிதண்ணியில நேரக் கொட்டி, எல்லாம் கட்டி கட்டியாப் போச்சாம். அம்மப்பா ஒண்டும் சொல்லாமல் போய் அகப்பையை வாங்கினாராம். முதல்ல கொஞ்சம் இளஞ்சூட்டுத் தண்ணி, அதில மாவைப் போட்டுக் கூழாக் குழைக்க வேணும், பிறகுதான் மிச்சத் தண்ணி. "கட்டி இருந்தாப் பிள்ளையள் துப்புங்கள்" எண்டாராம். அதுக்குப் பிறகு முகாமில இருந்த நாள் முழுக்க அவர்தான் பால் கரைச்சது. மூடி இல்லாததால கரைச்ச கிடாரத்துக்கு மேல ஒரு தாம்பாளத்தைக் கவிழ்த்து வைச்சு, தூக்கி மணந்துபோட்டுத்தான் குடுக்க விட்டாராம்.

பிறகு அம்மாவையளை லங்கா கல்யாணிக் கப்பலில காங்கேசன்துறைக்கு அனுப்பிப்போட்டு, அவர் தான் மட்டும் நிண்டிட்டார். ஏன் நிண்டவர் எண்டு அம்மம்மா சாகும்வரை கேட்டவ. "லாபில ஆளில்ல" எண்டு ஒரு பதில்தான்.

இப்ப யோசிச்சா எனக்குச் சரியாக் கோவமும் வருது. லாபில ஆளில்லையாம்.


லிந்துலை:

என்ன சொல்றதுன்னு தெரியலக்கா.


பழைய லாப்காரன்:

அந்தக் கோவத்தையும் எழுதுங்கோ. வீட்டு ஆக்களுக்கு உரிமை இருக்கு.

இதுக்குள்ள எழுதலாமோ தெரியாது, எனக்கு ஒரு ஆதங்கம். 1977க்குப் பிறகு இறக்குமதிப் பால்மா வந்து குவிஞ்சுது. ரெண்டு தலைமுறை பால் எண்டால் பைக்கெற் எண்டு வளந்திட்டுது. பேந்து 2022 மார்ச்சில 400 கிராம் பைக்கெற் 790 ரூபா ஆகி, அதுக்கும் கடை கடையா அலைஞ்சு நிக்கேக்கதான் "பசுப்பால் எங்க கிடைக்கும்" எண்டு என்னட்டக் கேக்கினம். என்னட்ட என்ன, மாட்டிட்டக் கேளுங்கோ எண்டு சொன்னனான்.


கிருலப்பனைப் பேத்தி:

அந்த நாள் அம்மப்பா எங்களோடதான் லைனில நிண்டவர் சேர். 84 வயது. வேண்டாம் எண்டு சொல்லச் சொல்லக் கேக்காமல் குடையோட வந்து நிண்டு, கடைக்காரர் ஆளுக்கு ஒரு பைக்கெற்தான் எண்டு தந்ததை வாங்கி, வீட்டில கரைச்சு, மூடியைத் தூக்கி மணந்துபோட்டு "இதில மணக்க ஒண்டும் இல்ல" எண்டு வைச்சிட்டுப் போட்டார்.


நிர்வாகி:

பால்மா விலை அரசியலுக்கு வேற இழை இருக்கு. இதை இதோட விடுவம்.


கிருலப்பனைப் பேத்தி:

எல்லாருக்கும் நன்றி. முப்பத்தொண்டு முந்தநாள் முடிஞ்சுது. அந்தியேட்டி முகத்துவாரத்தில.

மலர் வந்தது. மாமாவோட கடைசியா ஒரு தரம் கதைச்சன். ஸ்காபரோ அண்ணை சொன்ன மாதிரி மெதுவா. "மாடு" எண்டால் என்ன எண்டு லாப்காரர் எழுதினதை அப்பிடியே வாசிச்சுக் காட்டினன். மாமா கனநேரம் கதைக்கேல்ல. லைன் அறுந்து போச்சோ எண்டு "ஹலோ ஹலோ" எண்டன். பிறகு, "நான் அஞ்சு வயசில ஒருக்கா அவரோட அங்க இருந்தனான். விடிய எழும்பிப் பாத்தா ஆள் இருக்காது. பயந்து அழுவன். எங்க போறார் எண்டு அம்மாவும் சொல்லேல்ல" எண்டார். அவ்வளவுதான். "உயர் அதிகாரி" போய் "பால் பரிசோதகர்" ஆச்சு. வாத்தி சேர் தந்த சொல். டெஸ்டருக்கும் அதிகாரிக்கும் இடையில எல்லாருக்கும் ஒரு மாதிரிச் சரி வந்தது.

கொப்பிப் பக்கம் நடுப்பக்கத்தில. 9ஆம் நம்பர் இருக்கிற பக்கம். கீழ ரெண்டு எண்ணிக்கையும் போட்டிருக்கு, 63, 11. லிந்துலைத் தங்கச்சிக்கு ஒரு பிரதி எடுத்து வைச்சிருக்கிறன். கொட்டாஞ்சேனை தூரமில்ல, தனிமடலில விலாசம் அனுப்புங்கோ.

படையலுக்குப் பால் காய்ச்சேக்க அம்மா என்னைக் குசினிக்குக் கூப்பிட்டா. மூடியை என்ர கையில தந்து, "மணந்து பார்" எண்டா. பிடிச்சுப் பாத்தன். எனக்கு ஒரு இழவும் விளங்கேல்ல. பால் மணம்தான். அம்மா பாத்துக்கொண்டு நிக்கிறா. "சரி" எண்டு சொல்லிட்டன்.


பழைய லாப்காரன்:

நல்லது பிள்ளை.

அந்த லாக்டோமீட்டரை எறிஞ்சு போடாதேங்கோ. அறுபது வருசத்துச் சாமான். இன்னும் சரியோ எண்டு பாக்கலாம். நீட்டுக் கிளாசில தண்ணி எடுத்து, ஐஸ் போட்டுக் குளிராக்கி, பிறகு ஐஸை எடுத்திடுங்கோ. 60 பாகை பாரன்ஹைட், அதாவது பதினஞ்சரை செல்சியஸ், அதுக்கு வரேக்க மெதுவா விடுங்கோ. கிளாசில முட்டப்படாது. தண்டில மேல தண்ணிக்கெண்டு ஒரு கோடு இருக்கும், அதுதான் சைபர். கொழும்புக் குழாய்த் தண்ணியை அப்பிடியே எடுத்தாச் சூட்டுக்கு இன்னும் கீழ தாழும், அதை வைச்சுப் பழுது எண்டு சொல்லிடாதேங்கோ.


கிருலப்பனைப் பேத்தி:

வீட்டில தேர்மோமீட்டர் காய்ச்சலுக்குப் பாக்கிறது மட்டும்தான் இருந்தது. மருமகப் பெடியன் பள்ளிக்கூட லாபில ஒண்டு கேட்டு வாங்கி வந்தான். மூக்குப்பேணியில விட்டா அடி முட்டுது, கடைசியில பூச்சாடி. அம்மா, நான், அவன், மூண்டு பேரும் குசினி மேசையைச் சுத்தி.

முதல்ல தாண்டு போய், எழும்பி, ஆடி, நிண்டது.

சைபர் சேர். கோட்டிலயே நிக்குது.